மலை ஏறாத தண்ணீர்

"நம்ம ஆத்துல விஷம் கலக்குறவனைக் கையும் களவுமா காட்டறேன், வாங்க டாக்டரம்மா!"

சாபின் முன்னால் நடந்தான். ஆற்றங்கரை விடுதிக்காரன். ஊரில் அவன் குரல்தான் பெரிது. பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் இருப்பது தெரிந்து, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நகரத்திலிருந்து வந்திருந்தாள் இலிங்கா. குப்பிகளோடு அவன் பின்னால் போனாள்.

அபுசேனி மலையில் அப்போதுதான் பொழுது புலர்ந்திருந்தது. பனிமூட்டத்தில் மரங்கள் வேரில்லாமல் மிதந்தன. கனவுக்குள் நடப்பது போலிருந்தது அவளுக்கு.

மூடிக் கிடந்த சுரங்கத்தின் வாயிலிருந்து செக்கச்செவேலென்று ஓர் ஓடை வழிந்து, ஒரு குழியில் தேங்கிக் கீழே ஓடியது. கரையில் ஒரு கிழவர், மூட்டையிலிருந்து வெள்ளையாக எதையோ கொட்டிக்கொண்டிருந்தார். பொடியும் பனியும் கலந்து, ஆளே புகையாகக் கரைவது போலத் தெரிந்தது.

"பாத்தீங்களா? திரிபோன். சுரங்கத்து வாட்ச்மேன். மூடி பதினாலு வருஷமாச்சு, இன்னும் விசுவாசம் போகலை. யோவ், என்னய்யா கொட்டறே?"

"உன் சூப்புக்கு உப்பு, சாபின்."

இலிங்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தினமும் வருவீங்களா?"

"கால் ஒத்துழைக்கிற அன்னைக்கெல்லாம் வருவேன்மா."

மூட்டையிலிருந்து ஒரு பிடி, ஓடையில் அவருக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு குப்பி, ஊருக்குக் கீழே ஆற்றில் ஒரு குப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, விடுதி முற்றத்தில் ஊரே கூடியிருந்தது. கிழவர் ஓரமாக நின்றார்.

"சொல்லுங்க டாக்டரம்மா, இந்த ஆளை என்ன பண்ணலாம்?"

"கும்பிடலாம். அவர் கொட்டினது சுண்ணாம்பு. அது தண்ணியோட புளிப்பை முறிச்சு, ஈயத்தை அங்கேயே குழியில படிய வெச்சிடுது. அவரைத் தாண்டினா ஓடையில பத்துல ஒரு பங்கு ஈயம்கூட இல்லை."

கூட்டம் கிழவர் பக்கம் திரும்பியது.

சாபின் விடவில்லை. "அப்ப ஊருக்குக் கீழே எப்படி வந்துச்சாம்?"

"ஈயத்துக்கும் ஜாதகம் உண்டு. ஐசோடோப்புன்னு சொல்வோம். அதோட கணக்கை வெச்சு எந்தச் சுரங்கத்துல பிறந்துச்சுன்னு சொல்லிடலாம். கீழே இருக்கிறது இந்தச் சுரங்கத்து ஈயமே இல்லை. மலைக்கு அந்தப் பக்கத்துச் சுரங்கத்தோடது."

"தண்ணி மலை ஏறியா வரும்?"

"வராது. லாரி ஏறி வரும்."

குனிந்து, காலடியிலிருந்த கறுப்பு ஜல்லியை ஒரு கை அள்ளினாள். முற்றம் முழுக்க, ஆற்றின் விளிம்பு வரை அதுதான்.

"அன்னைக்கே இதுலயும் ஒரு பிடி எடுத்துட்டுப் போனேன். அச்சுப் பிசகாம பொருந்துது. சுரங்கக் கழிவுன்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க?"

சாபினின் முகம் வெளுத்தது.

திரிபோன் மெல்ல வந்து அவன் தோளைத் தொட்டார்.

"நீ கொட்டின அன்னைக்கே எனக்குத் தெரியும்டா. வெளியில தெரிஞ்சா உன் பொழப்பு போயிடுமேன்னு, ரெண்டு வருஷமா உன் கரையோரமும் ஒரு மூட்டை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... என்னால தடுக்க முடியலை. லாரியைக் கூப்பிடு, அள்ளிப்போட நானும் வரேன்."