மறதிக்கு ஒரு குறுக்கு விசாரணை

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் தமிழ்ச்செல்விக்குக் குமாரசாமியைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது. நினைவு தப்பிய மனிதர் இவ்வளவு நறுவிசாகச் சவரம் செய்துகொண்டா கோர்ட்டுக்கு வருவார்?

குமாரசாமி திருச்செங்கோட்டுக்காரர். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிற டிரில்லர். பரமத்தி ரோட்டில் ஒரு மினி லாரி அவருடைய மொபெட்டைத் தட்டிவிட்டது. வெளிக்காயம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அன்றோடு பழைய நினைவு மொத்தமும் போய்விட்டது, தொழிலும் மறந்துவிட்டது, இனிப் பிழைக்க வழியில்லை என்று நாமக்கல் விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்டு மனு. கேட்டிருந்த தொகையைப் படித்ததும் கம்பெனி மேனேஜருக்கே கொஞ்ச நேரம் நினைவு தப்பியது.

“அத்தனையும் நடிப்பும்மா. எப்படியாவது உடைச்சிருங்க” என்றார் அவர் போனில்.

எதிர்த்தரப்பில் நவநீதகிருஷ்ணன். விபத்து வழக்குகளில் ஊறியவர். யாரைக் கூண்டில் ஏற்றுவது, யாரை முன் பெஞ்சில் கலங்கிய கண்ணோடு உட்கார வைப்பது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கு முன் பெஞ்சில் இருந்தவள் குமாரசாமியின் மனைவி சௌந்திரம்.

தமிழ்ச்செல்வி முதலில் அவளைத்தான் கூண்டுக்கு வரவழைத்து மடக்கப் பார்த்தாள்.

“உங்க வீட்டுக்காரருக்கு உங்களையுமா தெரியலை?”

“தெரியலைங்க. ‘இந்தாங்கம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க’ன்னு கேக்கறாருங்க. கல்யாணமான நாளா என்னைய ‘ஏய்’னுதானுங்க கூப்புடுவாரு.”

நீதிபதி சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்.

“வேற என்ன மாறியிருக்கு?”

“எங்கூருப் பேச்சே போயிருச்சுங்க. ஊடுன்னு சொல்ல வரலைங்க, வீடுங்கறாரு. வாரேன்னு சொல்றதுக்கு வரேங்கறாரு. பெத்த புள்ளையக்கூட வெறிக்க வெறிக்கப் பாக்கறாருங்க.” சௌந்திரம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று தமிழ்ச்செல்வி நினைத்தாள்.

அடுத்து குமாரசாமி. ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அந்தப் படம் அவரைப் போலவும் இருந்தது, பாதி நாமக்கல்லைப் போலவும் இருந்தது. ரிக் முதலாளி யார், கடைசியாகப் போர் போட்ட ஊர் எது, துளைக்குள் கேசிங் பைப் எப்போது இறக்குவார்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

“தெரியலைங்க மேடம்.”

தமிழ்ச்செல்வி இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். தலை மறந்தாலும் பழகிய கை மறக்காது என்பது அவள் கணக்கு. நீதிபதியிடம் அனுமதி வாங்கி, சாக்குப்பையில் கொண்டுவந்திருந்த பொருளை மேஜைமேல் எடுத்து வைத்தாள். பாறையைத் துளைக்கிற ரிக் பிட். வருஷக்கணக்காக அதைப் பிடித்த கை, தன்னையறியாமல் சரியான இடத்தைத்தான் பற்றும்.

“இதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க.”

அவர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். பூசணிக்காயை அணைப்பதுபோல அணைத்துத் தூக்கினார். பாரம் தாங்காமல் அது நழுவியது. பெஞ்ச் கிளார்க் காலை இழுத்துக்கொண்டதால் இன்னொரு நஷ்டஈட்டு மனு தவிர்ந்தது.

“இது என்னன்னு தெரியுதா?”

“அம்மிக் குழவிங்களா மேடம்?”

பின் வரிசையில் சிரித்தார்கள். தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் நடிப்பே இல்லை. அந்தக் கைக்கு அந்த இரும்பை நிஜமாகவே தெரியவில்லை.

இடைவேளையில் கடைசியாக ஒன்று செய்து பார்த்தாள். தாழ்வாரத்தில் அவருக்குப் பின்னால் போய் நின்று, “குமாரசாமி” என்று சட்டென்று கூப்பிட்டாள். நாமக்கல் கோர்ட்டில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. மூன்று பேர் திரும்பினார்கள். அவர் மட்டும் திரும்பாமல் வேப்பமரத்து அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயரைக்கூடத் தொலைத்துவிட்ட மனிதரை நாலு பேர் நடுவில் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டோமே என்று தமிழ்ச்செல்வி கூசினாள். மறுபடி கோர்ட் கூடியதும் எழுந்தாள்.

“மனுதாரருடைய நினைவிழப்பை எதிர்மனுதாரர் தரப்பு மறுக்கலைங்க ஐயா.”

எதிர்வாதத்துக்கு எடுத்த ஃபைலை நவநீதகிருஷ்ணன் மூடி வைத்தார். நீதிபதி குறித்துக்கொண்டு, தொகையைப் பற்றி மட்டும் அடுத்த வாய்தாவில் பேசலாம் என்று எழுந்தார். மேனேஜரிடமிருந்து வந்த போனைத் தமிழ்ச்செல்வி எடுக்கவில்லை. வக்கீல் தொழிலில் ஒருநாளாவது மனசாட்சிப்படி நடந்தோம் என்கிற நிம்மதி அவளுக்கு.

வெளியே மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் குமாரசாமியும் சௌந்திரமும் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். கடையில் இரண்டு டீ வாங்கித் தானே எடுத்துப் போனாள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நெருங்கியபோது, அவர் சௌந்திரத்தின் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

“அண்ணி, நாக்பூர்ல போர் போட்டு முடிச்சுட்டு அடுத்த வாய்தாவுக்கு அண்ணனே வந்துடுவாரா, இல்ல அதுக்கும் நான்தான் தம்மம்பட்டியிலேர்ந்து வரணுமா?”