கோணல் மணிக்கு ஒரு சிவப்பு அட்டை

"ஆப்ல இருக்கிற மணிப் படத்தை நிமிர்த்தணும். இதுதான் உங்க அவசரமா சார்?"

டீம் லீடர் அட்டையை இரண்டாம் முறையாகப் படித்தாள்.

"அதேதான் மேடம்," என்றார் விற்பனை அதிகாரி. அலுவலகத்தில் அவர் பெயர் 'அவசரம் சார்'. எதைக் கேட்டாலும் இன்றைக்கே வேண்டும் என்பார்.

அவருக்குக் கடிவாளம் போடத்தான் அவள் சிவப்பு அட்டையையே கொண்டுவந்தாள். வேலை அட்டைகளை வரிசையாக ஒட்டியிருக்கும் பலகையில் மேலே இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் கீழே இருப்பதைத் தொட வேண்டும். வரிசையைத் தாண்ட வேண்டுமா? சிவப்பு அட்டையை ஒட்ட வேண்டும். ஒரு பிரிவுக்கு மாதம் ஒன்றுதான்; அவளுடைய பிரிவுக்கும் அப்படியே. சிபாரிசு செல்லாது. காரணமும் கேட்கப்படாது.

"எல்லாமே முதல்னா, முதல்ங்கிற வார்த்தைக்கு என்ன மரியாதை?" என்று அன்று அவள் முழங்கியபோது கைதட்டல்கூட விழுந்தது.

"அப்போ உங்க பெரிய வாடிக்கையாளர் கேட்ட அறிக்கை? இந்த மாசம் வரலைன்னா வேற கம்பெனிக்குப் போயிடுவேன்னாரே!" என்றாள் இப்போது.

"சொன்னார்தான்."

"அவர் போனா உங்க பதவி உயர்வும் கூடவே போயிடும்."

"போகும்தான்."

"அந்த மணி ஆப்ல ஒரு மூலைல தேமேன்னு கிடக்கு. கொஞ்சம் சாஞ்சிருக்கு, அவ்வளவுதான். யாரும் புகார்கூடச் சொன்னதில்ல!"

"எனக்கு உறுத்துது. காரணம் கேட்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

போட்ட சட்டமே அவள் காலை வாரியது. மணி வரிசையின் உச்சிக்கு ஏறியது.

"வீடு பத்தி எரியுது, மனுஷன் சுவர்ல கோணலா இருக்கிற படத்தை நிமிர்த்துறாரு!" என்றான் ஆப்பைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள், 'புது அக்கா'வைத் தவிர.

வேலைக்குப் புதிது, வயதில் எல்லோருக்கும் மூத்தவள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுத் திரும்பி வந்தவள். அந்த மணி வேலை அவளுடையதுதான். எப்போதோ முடித்துவிட்டாள், சோதித்து வெளியிடத்தான் வரிசையில் முறை வரவில்லை.

"மேடம், என் மணி?" என்பாள் ஒவ்வொரு திங்களும்.

"அடுத்த தடவை பார்க்கலாம்கா."

அன்று மாலையே மணி நிமிர்ந்து ஆப்பில் வெளியானது.

மறுநாள் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவசரம் சார் போனில் வாடிக்கையாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். 'நல்லா வேணும்' என்று டீம் லீடர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மனிதவளப் பிரிவு அதிகாரி வந்து நின்றாள்.

"உங்க புது ஆளுக்கு இன்னியோட தகுதிகாண் காலம் முடியுது. அவங்க பேர்ல ஒரு வேலையாவது வெளியாகியிருந்தாத்தான் நிரந்தரம் பண்ண முடியும். ஏதாவது ஆகியிருக்கா?"

டீம் லீடர் பலகையைப் பார்த்தாள். புது அக்காவின் அட்டைகள் அடிமட்டத்தில் கிடந்தன. அங்கே தள்ளியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆகியிருக்கு," என்றாள் மெல்ல. "நேத்து... ஒண்ணு."

"அது போதும். போன வாரம் அவசரம் சாரும் வந்து இதைத்தான் கேட்டுட்டுப் போனார், 'ஒண்ணு போதுமா'ன்னு."

அதிகாரி போய்விட்டாள். டீம் லீடர் மேசை இழுப்பறையைத் திறந்து, தன் பிரிவின் சிவப்பு அட்டையை எடுத்துப் போய், பெரிய வாடிக்கையாளரின் அறிக்கை மேல் ஒட்டினாள்.

டெஸ்டர் வாயைப் பிளந்தான். "மேடம்! அது அவசரம் சாரோட வேலையாச்சே? நம்ம அட்டை எதுக்கு?"

"காரணம் கேட்கக் கூடாது," என்றாள். "சட்டம்."