பாஸாகாத ஞாபகம்

சாரம் பகுதியில் இருக்கும் அப்பா வீட்டுக்கு வழி, மூன்று வருடம் கழித்து ஸைத்துக்கு ஞாபகம் வந்தது. கையில் ஒரு டேப்லெட்.

"ஞாபக மறதி இருக்கான்னு வீட்லயே பாத்துக்கலாம் அத்தா. கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க, போதும்."

மகனின் பாசத்துக்குத் தலையாட்டிய அன்வருதீன், கடிகாரம் வரையச் சொன்னதும் பதினான்கு எண் போட்டார். என்ன கிழமை என்றதற்கு ரம்ஜான் என்றார்.

திரை சிவந்தது: 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்.'

"போச்சு! நல்ல சுயநினைவோட இருக்காருன்னு காட்டணும்னாரு வக்கீல். இனிமே வீட்டை எப்படி என் பேருக்கு எழுதறது?" கதவை அறைந்துவிட்டுப் போனான்.

மனைவி ஜரினா கலங்கினாள். "என்னங்க, நெசமாவே மறந்துடுச்சா?"

"எதுவும் மறக்கல. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, அவன் போனை எடுக்காத பதினோரு நாளும் ஞாபகம் இருக்கு."