தகரமும் தேசிக்காயும்

"ரீச்சர், இது பள்ளிக்கூடமோ, தகரக் கடையோ?"

அதிபர் யேசுரட்ணம் ஆறாம் வகுப்பு வாசலில் நின்று கத்தினார். பக்கத்து வகுப்புக்காரரின் முறைப்பாடு கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துப் போயிருந்தது.

குணமணி ரீச்சர் அசையவில்லை.

"சடத்துவம் படிப்பிக்கிறன், சேர்."

"போன கிழமையும் அதுதானே?"

"ஓம், சேர்."

"அதுக்கு முந்தின கிழமை?"

"அப்பவும் சடத்துவம்தான்."

அடேயப்பா, என்ன துணிவு! யேசுரட்ணத்துக்குப் பத்திக்கொண்டு வந்தது. சண்டைக்காலம். சீனன்குடாப் பக்கம் ஒரு விமானம் உறுமினாலே பள்ளிக்கூடம் அரண்டு போகிறது. இந்த வகுப்பில் பாதிப் பேர் செல்லடிக்குப் பயந்து கிளிவெட்டியிலிருந்து ஓடிவந்த பிள்ளைகள். இதுகளுக்கு முன்னால் தகரத்தைப் போட்டு அடிக்க இந்த மனுசிக்கு எப்படித்தான் மனம் வருகுதோ!

"நாளையிலயிருந்து இந்த வகுப்பு உங்களுக்கு இல்லை. வேற ஆளைப் போடுறன்."

பிள்ளைகளின் முகம் செத்துப்போனது. ரீச்சர் மட்டும் சிரித்தா.

"சரி, சேர். போடுறதுக்கு முன்னம் ஒருக்கா இருந்து பாருங்கோ. இலட்சுமி, நீ வாம்மா."

"காட்டுங்கோ பாப்பம்." மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் அதிபர் விறைப்பாக இருந்தார்.

கடைசி வாங்கிலிருந்து இலட்சுமி எழும்பி வந்தாள். தண்ணீர்த் தம்ளருக்கு மேல் தகரத்துண்டை வைத்தாள். அதற்கு மேல், சாறு பிழிய வெட்டின பாதித் தேசிக்காய்.

"தகரத்தை வேகமாத் தட்டினால் அது மட்டும் பறக்கும், சேர். தேசிக்காய் இருந்த இடத்திலயே இருக்கப் பார்க்கும். கீழ தகரம் இல்லையெண்டதால தம்ளருக்குள்ள விழும். அதுதான் சடத்துவம்."

சொல்லி முடித்து, கோடு போடுகிற அடிமட்டத்தால் ஓங்கி ஒரு தட்டு!

தேசிக்காய் தண்ணீருக்குள் விழுந்தது. தகரம் பறந்துபோய்ச் சீமெந்துத் தரையில் 'டமார்' என்று மோதியது.

கதிரையில் அதிபரைக் காணவில்லை.

மேசைக்குக் கீழே, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

இலட்சுமி குனிந்து கையை நீட்டினாள்.

"வெளிய வாங்கோ, சேர். அது தகரம்தான். முதல்நாள் நாங்களும் எல்லாரும் வாங்குக்குக் கீழதான் இருந்தனாங்கள். பயம் போகுமட்டும் ரீச்சர் இதே பாடம்தான் படிப்பிப்பா. நீங்களும் நாளைக்கு வாங்கோ."