வால் மேலே பறக்கணும்

கரும்பு அரைக்கும் மாதம். லவுட்டோக்கா ஊர்ச் சர்க்கரை ஆலையின் கரித்தூள் ஜன்னல் வழியே மிதந்து வந்து பூல்மதியின் வெள்ளை முடியில் உட்காருகிறது. அதை ஊதிவிட்டு, கணவர் பிசுன் அவள் உச்சிக்கொண்டையைத் தூக்கி நிறுத்துகிறார். உள்ளே சுருட்டி வைத்திருப்பது பழைய நைலான் காலுறை. 1960-களில் அவள் கைவசம் வைத்திருந்த வித்தை. கண்ணாடி ஓரத்தில் செருகிய பத்திரிகைப் படங்களில் பம்பாய் நடிகைகள் எல்லாருக்கும் அதே உப்பல் கொண்டை, காதை நோக்கி இழுத்த கண்மை. "யாரு பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு இந்தச் சிங்காரம்? அம்மாவுக்குத் தன் பேரே ஞாபகமில்ல" என்கிறாள் வாசலில் நிற்கும் மகள் குசும். "சனிக்கிழமைம்மா. உங்கம்மா மேட்னி சினிமாவுக்குப் போற நாளு" என்கிறார் பிசுன். தீக்குச்சி முனையை மையில் தோய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கண்ணோரம் வால் வரைகிறார். 'வால் புருவத்தைப் பார்த்துப் பறக்கணும், தொங்கினா அழுமூஞ்சி' என்று முன்பெல்லாம் அவள் சொல்வாள். வலக்கண்ணின் வால் பறக்கிறது; இடக்கண்ணின் வால் தொங்கிவிடுகிறது. நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டு, முன்னால் போய் அவள் முகத்தைப் பார்க்கிறார். பூல்மதி நிமிர்ந்து உட்கார்கிறாள். முகம் மலர்கிறது. பிசுன் இன்னும் அருகே குனிகிறார். "அண்ணே," என்று கட்டிய புருஷனின் சட்டையைத் தொடுகிறாள், "கொஞ்சம் நகருங்க, மறைக்குது." அவர் நகர்ந்துகொள்கிறார். அவள் கண்ணாடியையே வெகுநேரம் பார்க்கிறாள். மலர்ந்த முகம் மெல்ல வாடுகிறது. "இந்தக் கிழவியையே காட்டிக்கிட்டு இருக்காங்களே அண்ணே... ஹீரோயின் எப்ப வருவா?"