ஊசி கேட்டவர்

அக்கா விரிப்பின் இந்த ஓரத்தைப் பிடித்தாள். தம்பி அந்த ஓரத்தைப் பிடித்தான்.

மூன்று எண்ணி இழுத்ததும் அப்பா நோகாமல் சன்னல் பக்கம் புரண்டார். ஆஸ்பத்திரி ஆட்களுக்குக்கூட இந்தப் பக்குவம் வராது. வருமா பின்னே? யார் பெற்ற பிள்ளைகள்!

மகள் கன்னியாஸ்திரி. மகன் புத்த பிக்கு. காலமெல்லாம் லிப்ட் பழுது பார்த்த அப்பாவுக்குச் சாமியும் தெரியாது, பூதமும் தெரியாது. அவருக்குப் போய் இப்படி இரண்டு.

யார் வழி சரி என்று அம்மா போன அன்று ஆரம்பித்த சண்டை. பதினோரு வருடமாக இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவை அரித்தது புற்று மட்டுமல்ல.

மூன்று வாரத்துக்கு முன் இருவருக்கும் ஒரே சேதி அனுப்பினார். வலி தாங்கவில்லை, ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லப்போகிறேன்.

இருவரும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள்.

உயிர் கர்த்தர் கொடுத்தது, அதை எடுக்க நாம் யார் என்றாள் மகள். கொல்லச் சொல்வதும் கொலைதான் என்றான் மகன். அதில் இருவரும் ஒரே கட்சி.

வலி மருந்தில்தான் முட்டிக்கொண்டது. வலி அடங்குகிற அளவுக்குக் கொடுக்கலாம், அது பாவமில்லை என்று அவள். கடைசி நேரத்தில் மனசு தெளிவாக இருக்க வேண்டும், நினைவு தப்பாத அளவு போதும் என்று அவன். ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். அப்பா தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அடேயப்பா, என்ன படிப்பு, என்ன வாய்! அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஊசியைப் பற்றி மட்டும் டாக்டரிடம் இருவரும் வாய் திறக்கவில்லை. விசாரித்தாலே சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயம். அவனுக்கும் அதே பயம்.

விரிப்பைச் செருகிவிட்டு மகள் நிமிர்ந்தாள்.

"வாடா, டீ குடிச்சிட்டு வரலாம்."

பிக்கு மறுபேச்சில்லாமல் பின்னால் போனான்.

அவர்கள் போனதும் டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். இந்த நாட்டில் அப்படி ஊசி போடச் சட்டத்தில் இடமே இல்லை என்று நீங்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றே சொன்னேனே, பிள்ளைகளிடம் இன்னுமா சொல்லவில்லை என்று அப்பாவிடம் கேட்டார்.

"ரெண்டு நாள் போகட்டும் டாக்டர். இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க."