ஊசி வேலை செய்கிறது

இடுப்பில் கைப்பேசி அதிர்ந்ததும் அவள் ஓவர்லாக் மிஷினின் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

ரெஜினா அக்கா. ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பிரிவின் ஆலோசகர். கம்பெனி நேரத்தில் அழைக்கிறவர் இல்லை.

பாதி தைத்த பனியனை அப்படியே போட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே ஓடினாள். அங்கே மிஷின் இரைச்சல் கொஞ்சம் குறையும். பேசுவதைக் கேட்க ஆளும் இருக்காது.

"சொல்லுங்கக்கா."

"மிதுனாவோட ரத்த ரிசல்ட் வந்துருச்சும்மா. டாக்டர் இப்பத்தான் பார்த்தாங்க."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

தன் ரத்தத்தில் இருக்கும் கிருமி மகளுக்குப் போகவில்லை என்பது போன மாதமே உறுதியாகிவிட்டது. அன்றைக்கு அவளும் கணவனும் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

ஆனால் குழந்தைக்கு அதற்குள் இரண்டு முறை நிமோனியா வந்து போயிருந்தது. கிருமி தொற்றாவிட்டாலும், இப்படிப் பிறக்கிற குழந்தைகளில் சிலருக்கு எதிர்ப்புச் சக்தி வளரக் கொஞ்சம் நாளாகலாம் என்றார் டாக்டர். ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மைத் தடுப்பூசி மிதுனாவின் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. இரண்டாவது ஊசி போட்டார்கள். பிறகு மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

இந்த நேரம் பார்த்து அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் தட்டம்மை. மூன்று குழந்தைகளுக்கு.

பதினேழு நாளாக மிதுனா வாசல் தாண்டவில்லை. சாயப்பட்டறையில் இரவு ஷிப்ட் முடித்து வரும் கணவன், பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைக்கு யானையாகவும் குதிரையாகவும் ஆனான். சில சமயம் யானை அப்படியே குப்புறப் படுத்துத் தூங்கிவிடும்.

"அக்கா..."

"இந்தத் தடவை ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கு. எதிர்ப்புச் சக்தி வேணுங்கற அளவுக்கு மேலயே இருக்காம். வெளிய விடலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க. கேக்குதா?"

கேட்டது.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ரெஜினா சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னார்.

கணவனை அழைத்தாள். விவரமெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.

"கதவைத் தொறந்து உடுங்க."

அவனுக்குப் புரிந்துவிட்டது. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு சின்னக் கால்கள் ஓடும் சத்தம். பிறகு, "மெல்லப் போ கண்ணு, மெல்ல" என்று அவன் பின்னாலேயே ஓடினான். போனை அணைக்க மறந்திருந்தான்.

அவளும் அணைக்கவில்லை.

பதினோரு மணிக்கு டீ வந்தது. டீக்காரரின் கூடையிலிருந்த தேங்காய் பன் அத்தனையும் வாங்கி, தன் வரிசை முழுக்க நீட்டிக்கொண்டே போனாள்.

"ஆருக்குப் பொறந்த நாளு, புள்ள?" என்று கேட்டாள் பக்கத்து மிஷின் மயிலாத்தா.

மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவள். இவள் தினமும் விழுங்கும் மாத்திரையைப் பற்றியோ ஆஸ்பத்திரியைப் பற்றியோ அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவிட்டதில்லை.

ஆனால் இன்றைக்கு எதையாவது சொல்லாமல் முடியாது.

"பாப்பாவுக்குப் போட்ட அம்மை ஊசி நல்லா வேலை செஞ்சிருக்குதாமுங்க்கா."

மயிலாத்தா பன்னைக் கடித்தபடி அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அது எல்லாக் கொழந்தைக்கும் செய்யறதுதானே?"

"ஆமாங்க்கா" என்றாள் அவள்.

சிரிப்பு அடங்கவே இல்லை.

"எல்லாக் கொழந்தைக்கும்."